ஜாக்கி சரிந்த சாயங்காலம்

போன வருடம் துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு நடந்தது இது. கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை விடவும் இல்லை, ஒழுங்காகப் பெய்யவும் இல்லை. எங்கள் மகளை சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டு, நானும் என் கணவரும் லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது நான்.

அந்த வருடம் பொங்கல் வரைக்கும் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. கார் என்றால் அது அவர் விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் துணியுமாகக் கீழே இறங்கினால் சாப்பிடக் கூப்பிடும்வரை மேலே வர மாட்டார். பொங்கல் கழிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சும் போனது. போனது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவருக்குள் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வார்த்தை கிளம்பி வாய்க்கு வந்து சேரத்தான் நேரமாகும். தண்ணீர் வேண்டும் என்றால் "த... த..." என்று அங்கேயே நிற்கும். அதற்குள் நான் டம்ளரை நீட்டியிருப்பேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "அவரே சொல்லி முடிக்கட்டும், நீங்க முடிச்சு வைக்காதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். நானும் தலையாட்டுவேன். அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, பகலில் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆயா வரும்வரை காத்திருந்து, அதன்பிறகு வங்கி வேலைக்கு ஓடுகிறவளுக்கு ஒரு சொல் முழுசாக வருகிறவரை நிற்க எங்கே நேரம்?

ஆஸ்பத்திரிக்கும் பிசியோதெரபிக்கும் டாக்ஸி பிடித்து அலுத்துப்போய்த்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டேன். மகள் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். அவள் இருந்தபோது தெரியவில்லை. ரயில் நகர்ந்ததும்தான் உடம்பில் இருந்த களைப்பு மொத்தமும் ஒரேயடியாக இறங்கியது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத களைப்பு அது. இனி நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே கோனா எக்ஸ்பிரஸ்வேயில் லாரிகளுக்கு நடுவே ஓட்டி வந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் கார் இடது பக்கமாக இழுத்தது. பின்னாலிருந்து தப் தப் என்று சத்தம் வேறு. மேம்பால வேலை நடக்கும் இடத்தில் சாலையோரம் கொஞ்சம் அகலமாக இருந்தது. ஒதுக்கி நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்பக்க இடது டயர் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

முதலில் சாலை உதவிக்கு போன் போட்டேன். வண்டி வருவதற்கு எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும், ஹூக்ளி பாலத்தில் நெரிசல் என்றார்கள். அதற்குள் இருட்டிவிடும். அவருக்கு மாத்திரை கொடுக்கும் நேரமும் வந்துவிடும். அந்த சாலையில் இருட்டில் அவரை வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டெப்னி டயரை நானே மாட்டிவிடலாம், ஊரில் எத்தனையோ பேர் மாட்டுகிறார்கள் என்று டிக்கியைத் திறந்தேன்.

எங்கள் டிக்கியில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரியே இருந்தது. வாக்கர், அவர் தோளுக்குப் பயிற்சி செய்யும் கயிறும் கப்பியும், பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட், ரப்பர் ஷீட், நடுவில் ஓட்டையும் மேலே மூடியும் உள்ள கமோடு நாற்காலி. வெளியே போனால் அது இல்லாமல் முடியாது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாலையோரம் வைத்தேன். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக்குள் இருந்ததெல்லாம் நடுரோட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. வெட்கப்படக்கூடத் தெம்பில்லை.

விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னி இருந்தது. வீல் ஸ்பேனர் இருந்தது. ஜாக்கி இல்லை. ஓரத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தேன், பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஒரு பழைய குடையும் மகளின் ஹேர் கிளிப்பும்தான் கிடைத்தன.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என் கணவர் இடது கையால் சீட்டைத் தட்டித் தட்டி, "கீ... கீழ..." என்றார்.

"கீழ இறங்கணுமா? வேண்டாங்க. லாரியா போகுது. பேசாம உக்காருங்க."

அவர் தலையை ஆட்டினார். மறுபடியும், "கீழ..."

"இருங்கன்னு சொல்றேன்ல!"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். நான் ஸ்டெப்னியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் ஒரு புத்தம்புதுக் கார் வந்து நின்றது. அபாய விளக்குகளை எரியவிட்டபடி ஒரு பெங்காலித் தம்பதி இறங்கினார்கள். இருவருக்கும் அறுபதுக்குமேல் இருக்கும். பாக்னானில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்களாம். அந்த அம்மாள் சாலையோரம் பரப்பி வைத்திருந்த சாமான்களைப் பார்த்தார், முன் சீட்டில் இருந்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கணவர் பெங்காலியில் உற்சாகமாக, "பஞ்சர்தானே? என்கிட்ட ஜாக்கி இருக்கே!" என்று தன் டிக்கியைத் திறந்தார். திறந்து வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு கையில் ஒரு சின்ன பம்பும் ஒரு பாட்டில் பஞ்சர் பசையும் எடுத்து வந்தார். புது மாடலுக்கு ஸ்டெப்னியும் கிடையாதாம், ஜாக்கியும் கிடையாதாம். அது அவருக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது.

பசையை எங்கள் டயருக்கு அடித்துப் பார்த்தோம். டயர் பக்கவாட்டில் கிழிந்திருந்ததால் போட்டதெல்லாம் வெள்ளையாக வெளியே வழிந்தது.

இதற்குள் அந்த அம்மாள் என் கணவர் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து நின்று, "போலுன், தாதா" என்றார். சொல்லுங்கள் அண்ணா என்று அர்த்தம்.

"அவரால பேச முடியாது, பௌதி" என்றேன் நான். இங்கே நம்மைவிட மூத்த பெண்களை அண்ணி என்ற பொருளில் அப்படித்தான் கூப்பிடுவோம். பௌதி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார். என் கணவரின் உதடு கோணி, நேராகி, மறுபடியும் கோணியது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சும்மா நின்றுகொண்டிருக்கும் நேரமா இது?

"சீ... சீட்... நிச்சே."

அவர் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர், தெருவில் விளையாடிய பாஷை பெங்காலி. நிச்சே என்றால் கீழே. பௌதி சட்டென்று குனிந்து அவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். ஒரு கொக்கியைக் கழற்றும் சத்தம் கேட்டது. கருப்புத் துணிப்பையைப் புடவை மடிப்பது மாதிரி ஒழுங்காக மடித்துச் சுற்றி வைத்திருந்த ஜாக்கி வெளியே வந்தது. இவ்வளவு நேரமும் அவர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். "கீழ" என்று அவர் சொன்னது இறங்குவதைப் பற்றி இல்லை.

மனசு சுருங்கிப்போனது. ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. "சரி, தூக்கிடலாம்" என்று பௌதியின் கணவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். அவருக்கும் இதெல்லாம் பழக்கம் இல்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

"முதல்ல இவரை இறக்குங்க. ஆளை உள்ள வெச்சுக்கிட்டா தூக்குவாங்க?" என்றார் பௌதி. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். உட்கார வைக்க வேறு என்ன இருக்கிறது? சாலையை விட்டுத் தள்ளி, கமோடு நாற்காலியின் மூடியைப் போட்டு அதில் உட்கார வைத்தேன். பௌதி பழைய குடையை விரித்து அவருக்குமேல் பிடித்துக்கொண்டார். தூறல் ஆரம்பித்திருந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டேன். பாலம் கட்டும் இடத்தில் கிடந்த செங்கற்களை எடுத்து வந்து முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தேன். அதுவரை சரியாகத்தான் செய்தோம். பிறகு நேராக ஜாக்கியைப் போட்டுக் காரைத் தூக்கிவிட்டோம். நட்டைக் கழற்றப் போனால் நட்டு அசையாமல் கார்தான் ஆடுகிறது! மறுபடியும் காரை இறக்கி, சக்கரம் தரையில் பதிந்திருக்கும்போதே ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் நான் ஏறி நின்று மிதித்து, ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினோம். பிறகு திரும்பவும் தூக்கினோம். ஜாக்கி நின்ற இடத்தைப் பற்றி நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அது தார் முடிந்து மண் ஆரம்பிக்கும் இடம். ஒரு வாரமாக மழையில் ஊறிய மண்.

நட்டுகளை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சக்கரத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து, ஒரு காலைக் காருக்கு அடியில் நீட்டி, மறுகாலைச் சக்கரத்துக்கு வெளியே ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்தேன்.

பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "ஸ்டெ... ஸ்டெப்..."

"ஸ்டெப்னிதானே? எடுத்து வெச்சாச்சுங்க. இதோ மாட்டப் போறேன்."

"இல்... ஸ்டெப்..."

"எடுத்தாச்சுன்னு சொல்றேனே!"

இழுக்கத் தொடங்கினேன். "தாடான்!" என்று ஒரு அதட்டல். பொறுங்கள் என்று அர்த்தம். பௌதிதான். குடையைப் பிடித்திருந்த கை அப்படியே இருக்க, மறுகையை எங்களை நோக்கிக் காட்டி நின்றார். அவர் கணவரும் நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிறுத்திவிட்டோம். அவர் என் கணவர் பக்கம் திரும்பி, சாதாரணமாக, கடையில் என்ன வேண்டும் என்று கேட்கிற தொனியில், "ம்ம், போலுன்" என்றார்.

என் கணவர் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது. தூறல் என் பிடரியில் வழிந்தது. என் வாயில் அவருக்காக நாலைந்து வார்த்தைகள் தயாராக இருந்தன. பௌதியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"ஸ்டெப்னி... காடீர்... நிச்சே."

ஸ்டெப்னியைக் காருக்கு அடியில். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மாட்ட வேண்டிய டயரை எதற்கு அடியில் தள்ளுவது? பௌதியின் கணவருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "ஆமா, ஆமா, சரிதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்டெப்னியை உருட்டி வந்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டுத் தள்ளினார். அது என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் காலை நகர்த்தவில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

மறுபடியும் பிடித்து, முழு பலத்தோடு ஒரு இழுப்பு இழுத்தேன். சக்கரம் கழன்று என் மடியில் விழுந்தது. கார் ஒருமுறை ஆடியது. ஜாக்கியின் அடித்தட்டு ஒரு பக்கமாக மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான். ஜாக்கி சாய்ந்து தெறித்தது. கார் தொம் என்று இறங்கியது.

என் கால்மேல் இல்லை. ஸ்டெப்னியின்மேல்.

காரின் அடிப்பாகம் என் காலுக்கு மேலே, ஒரு கை நுழையும் இடைவெளியில் நின்றது. பௌதியின் கணவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். கால் முழுசாக வந்தது. செருப்பு மட்டும் அடியிலேயே மாட்டிக்கொண்டது. காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். விரல்களை அசைத்தேன்.

திரும்பிப் பார்த்தால், என் கணவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நிற்கிறார். முகமெல்லாம் வெளுத்திருக்கிறது. பௌதி குடையைப் போட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். என் கணவர் என்னைப் பார்த்து, வாய் கோணாமல், திக்காமல், ஒரே மூச்சில் சொன்னார்:

"சொன்னேன்ல?"

எட்டு மாதத்தில் அவர் என்னிடம் திக்காமல் சொன்ன முதல் வார்த்தை அது. அதுவும் ஒரு திட்டு! கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ முறை கேட்டு எரிச்சல்பட்ட அதே தொனி. அந்தச் சேற்றில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பௌதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தொனியை வைத்தே புரிந்துகொண்டு, பெங்காலியில், "நல்லா திட்டுங்க தாதா, திட்டுங்க" என்றார்.

மீதி வேலையை என் கணவர் சொன்னபடி செய்தோம். சொன்னபடி என்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று. "ப... பலகை" என்றார். கட்டுமான இடத்திலிருந்து கனமான பலகைத் துண்டு ஒன்றைத் தூக்கி வந்து, கெட்டியான இடமாகப் பார்த்து வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினோம். கார் ஸ்டெப்னியின்மேல் நின்றதால் ஜாக்கியை நுழைக்க இடம் இருந்தது. மெதுவாகத் தூக்கி, கிழிந்த டயரை அடியில் தள்ளிவிட்டு, ஸ்டெப்னியை வெளியே எடுத்து மாட்டினோம். இந்த முறை நான் கை, கால் எதையும் அடியில் விடவில்லை. நட்டுகளை முதலில் கையால் திருகி, கிழிந்த டயரை வெளியே இழுத்துக் காரை இறக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி நின்று, எதிரெதிராக இறுக்கினேன். நடுவில் அவர் வார்த்தை கிடைக்காமல் தவித்தபோது யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பௌதியின் கணவர் ஸ்பேனரைப் பிடித்தபடி சும்மா நின்றார். நானும் நின்றேன். வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சாமான்களை டிக்கியில் ஏற்றும்போது டயப்பர் பாக்கெட்டைப் பௌதி எடுத்துக் கொடுத்தார், காய்கறிப் பையைக் கொடுப்பது மாதிரி. அவரிடம், "அவர் ஏதோ முக்கியமா சொல்ல வர்றார்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"முக்கியமான்னு எனக்கு என்ன தெரியும்? பேச ஆரம்பிச்சார். கேட்டேன்" என்றார்.

கிளம்பும்போது கொய்யாப்பழங்கள் போட்ட ஒரு பையை எங்கள் பின் சீட்டில் வைத்தார். இரண்டாம் ஹூக்ளி பாலத்தின் சுங்கச்சாவடி வரைக்கும் அவர்கள் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தது. அங்கே நெரிசலில் தவறவிட்டோம். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன செய்யட்டும் என்று அவரிடம் கேட்டேன். வழக்கமாகக் கேட்க மாட்டேன். தோசை ஊற்றி வைத்துவிடுவேன். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்து, சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு நின்றேன். கால் வலித்தது, கண் எரிந்தது. ரொம்ப நேரம் போராடி, "ரசம்" என்றார். தோசை வேண்டாமா என்று கேட்டதும் முகத்தைச் சுளித்துத் தலையை ஆட்டினார். தோசையே அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டிருக்கிறது. எத்தனையோ மாதமாக அவர் அதைத்தான் சொல்ல முயன்றுகொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். மாறவில்லை. அவருடைய வலது கை இன்னும் சரியாக வரவில்லை. ஆயா வராத நாட்களில் நான் இப்போதும் எரிந்து விழுகிறேன். களைப்பு அப்படியேதான் இருக்கிறது, சில நாள் கூடுதலாகவும். ஆனால் அவர் வாயைத் திறந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நின்றுவிடுகிறேன். அந்த நிற்கிற நேரம்தான் ஒரு நாளில் எனக்குக் கிடைக்கிற ஓய்வு என்பது மெள்ள மெள்ளத்தான் புரிந்தது. அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது நான்தான் என்று அந்த வருடம் முழுக்க நினைத்திருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து, எவ்வளவு அலுத்துப்போனாலும் தனியாக இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றுவதில்லை.